கேட் பாஸின் நான்காவது வரி

ஹெலன் நல்லவளா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அவள் செய்தது சரியா என்று கேட்டால் மட்டும், வாய் திறப்பதற்கு முன்னால் என் தலை ஆமாம் என்று ஆடிவிடும். மன்னிப்பது பெரிய குணம் என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்கு மன்னிக்கிற அளவுக்கு ஒன்றும் நடந்திருக்காது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் நானும் ஹெலனும் ஒரே மேசையில் எட்டு வருடம் வேலை பார்த்தோம். மெஷினிலிருந்து சூடாக வந்து விழும் மூடியின் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிளேடால் சீவித் தள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் கன்னியம்மா, எளாவூர்க்காரி. ஹெலனுக்குப் புதுவாயல் பக்கம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பத்தாம் வகுப்பு முடித்து, மாதச் சம்பளத்துக்குக் கம்பெனிப் படி ஏறியதில் அந்த வீட்டில் அவள்தான் முதல்.

அவள் குணத்தைச் சொல்ல ஒரு சின்ன விஷயம் போதும். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி ஹெலனுடைய பேனாவை வேண்டுமென்றே உடைத்துவிட்டாளாம். ஹெலன் சண்டை போடவில்லை, டீச்சரிடம் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புக் கடைசி நாளில் அந்தப் பெண் ஆட்டோகிராப் நோட்டை நீட்டி, ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டாள். "எழுதப் பேனா இல்ல" என்று சொல்லிவிட்டு ஹெலன் நடந்தாள். ஒன்றரை வருடம் அந்த ஒரு வாக்கியத்தை வாயில் அடக்கி வைத்திருந்திருக்கிறாள். இதை என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

ஹெலனுக்கு முதலில் இடுப்பு தாண்டிய முடி இருந்ததாம். பத்தொன்பது வயதில் ஒரு மழைக்காலத்தில் தலையில் எட்டணா அளவுக்கு ஓர் இடம் வழித்துவிட்டது போல ஆனது. பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. புழுவெட்டு என்றார் பொன்னேரி டாக்டர். சின்ன வெங்காயத்தைத் தேய்த்தார்கள், சபையில் ஜெபம் பண்ணிய எண்ணெயைத் தடவினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஹெலன் தலைக்கு ஒரு துணியைக் கட்டிக்கொள்ளப் பழகினாள். கம்பெனிக்குள் எல்லோருக்குமே தொப்பி உண்டு என்பதால் அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

தொல்லை கேட்டில்தான் இருந்தது.

நாங்கள் கம்பெனி ஆட்கள் இல்லை, கான்ட்ராக்ட் ஆட்கள். எங்களுக்குக் கேட் பாஸ் எழுதித் தருகிறவன் கான்ட்ராக்டரிடம் குமாஸ்தாவாக இருந்த சடையப்பன். நாற்பது வயது இருக்கும். பேருக்கு ஏற்ற மாதிரி தலை நிறைய முடி, ஆனால் எந்தக் காற்றுக்கும் அசையாது. சிப்காட் ரோட்டில் லாரி கிளப்பும் புழுதியில் எங்கள் எல்லோர் முடியும் செம்பட்டையாக இருக்க, அவனுடையது மட்டும் கடையில் வாங்கியது போலக் கருகருவென்று இருக்கும். டோப்பாதான் என்று எங்கள் எல்லோருக்கும் சந்தேகம். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

பாஸில் முதல் வரி பெயர், இரண்டாவது தகப்பன் பெயர், மூன்றாவது வயது, நான்காவது அங்க அடையாளம். ஒருமுறை ஒருத்தி தனக்கு உடம்பு முடியவில்லை என்று தங்கையைத் தன் பாஸோடு அனுப்பி, அது மாட்டிக்கொண்டதிலிருந்து கேட்டில் ஒரு வழக்கம் வந்தது. செக்யூரிட்டி அப்பாவு அண்ணன் பெயரையும் அடையாளத்தையும் உரக்கப் படிப்பார். நாங்கள் அடையாளத்தைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். நாலு மேரி, மூன்று ஹெலன், கன்னியம்மாவே இரண்டு பேர் இருந்த இடத்தில் அதுவும் தேவையாகத்தான் இருந்தது. "கன்னியம்மா, இடது கன்னத்தில் மச்சம்" என்பார், நான் கன்னத்தைத் திருப்புவேன். "மேரி, முழங்கையில் தீக்காயம்" என்பார், மேரி கையை மடக்கிக் காட்டுவாள்.

ஹெலனுக்கு வலது மணிக்கட்டில் அரிவாள் பட்ட தழும்பு உண்டு. பள்ளிக்கூடம் கொடுத்த டி.சி.யில் அதைத்தான் எழுதியிருந்தார்கள். அந்த டி.சி. சடையப்பன் மேசைமேல்தான் இருந்தது. ஆனால் போட்டோ எடுக்கும்போது அவன் தலைத்துணியை அவிழ்க்கச் சொன்னான், பார்த்தான், எழுதினான். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு இருநூறு பெண்கள் வரிசையில் நிற்க, அப்பாவு அண்ணன் பாஸை வாங்கிப் படித்தார்.

"ஹெலன், தலையில் சொட்டை."

படித்த பிறகுதான் அவருக்கே என்ன படித்தோம் என்று தெரிந்தது. வரிசையில் சிரிப்பு கிளம்பியது. நானும் சிரித்தேன். அப்போது எனக்கு அவளைத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் தெரியாதவளைப் பார்த்துச் சிரிப்பது இன்னும் கேவலம். ஹெலன் துணியை விலக்கித் தலையைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே அவள் சடையப்பனிடம் போனாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். மேசையில் பக்கத்து இருக்கைக்காரி நான்தான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

"சார், டி.சி.ல கையில தழும்புன்னு கீது சார். அத்தயே போட்டுக் குடுங்க."

"தழும்பு ஆயிரம் பேருக்கு கீதும்மா. உன்னுது மாதிரி அடையாளம் எவளுக்கு கீது சொல்லு? இத்த வெச்சுக்கினு எவளும் டூப்பு உட முடியாது." தன் முடியை ஒருமுறை கையால் அமுக்கிவிட்டுக்கொண்டான். "எழுதுனது எழுதுனதுதான். போ, லைன் ஆரம்பிச்சிடும்."

அவனுக்குக் கோபமும் இல்லை, குரோதமும் இல்லை. நல்ல வேலை செய்த ஆளின் சந்தோஷம்தான் முகத்தில் இருந்தது. எனக்கு அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

மூன்று வருடம். ஷிப்டுக்கு ஷிப்டு பெயரைப் படிப்பார்கள், அவள் துணியை விலக்குவாள். அப்பாவு அண்ணன் கொஞ்ச நாளில் அவள் பாஸை முணுமுணுத்து விட்டுவிடப் பார்த்தார். வேறு செக்யூரிட்டி வந்தால் அவன் கத்திப் படிப்பான். கொஞ்ச நாளில் மற்ற இரண்டு ஹெலன்களும் வெறும் ஹெலன்கள் ஆனார்கள், இவள் சொட்டை ஹெலன் ஆனாள்.

இரண்டாயிரத்து மூன்றில் அவளுக்குக் கவரைப்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை அமைந்தான். எலக்ட்ரீஷியன், சபைக்குப் போகிற குடும்பம். மாப்பிள்ளையிடம் தலை விஷயத்தைத் தானே சொல்லிவிட வேண்டும் என்று ஹெலன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்திருந்தாள். அதற்கு முந்தின வாரம் மாப்பிள்ளையின் பெரியம்மா எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தாள். வரிசையில் ஹெலனுக்கு நாலு பேர் பின்னால் நின்றாள். அவ்வளவுதான். "எங்ககிட்ட மறைச்சிட்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொல்லப்போனவளை மறைத்தவள் ஆக்கிவிட்டது அந்த நான்காவது வரி.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஹெலன் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"அவன உட மாட்டேன்க்கா" என்றாள்.

"இன்னாடி பண்ணப் போற?"

"தெரியல. ஆனா உட மாட்டேன்."

அவள் தம்பி இம்மானுவேல் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தான். சனிக்கிழமை மாலைகளில் ஹெலன் அங்கே போய், தம்பி வேலை முடிக்கும் வரை ஃபேன் காற்றில் உட்கார்ந்திருப்பாள். மறு வருடம் அப்படி ஒரு சனிக்கிழமை, நானும் கூட இருந்தேன், இம்மானுவேல் கம்ப்யூட்டரில் எதையோ காட்டிச் சிரித்தான்.

"அக்கா, இத்தப் பாரேன். இங்கிலீஷ் சீரியல்ல வேற கிரகத்து சண்டைக்காரனுங்க வருவானுங்க. நெத்தியெல்லாம் மேடும் பள்ளமுமா கீற ஆளுங்க. அவனுங்களுக்குன்னு குந்திக்கினு ஒரு பாஷையே கட்டி வெச்சுகீறாங்க. க்ளிங்கான்னு பேரு. இந்தப் பேஜு ஃபுல்லா முடி, தாடி, மூஞ்சி, உடம்பு, இதுக்குத்தான் வார்த்தை."

"சும்மா உக்காந்து ஒருத்தர் கட்டுனதா?"

"ஆமா. உலகம் பூரா பேசக் கத்துக்குறாங்களாம். அவனுங்க ஊர்ல நெத்தி வழவழன்னு கீதுன்னு சொன்னா, அதான் பெரிய வசவாம்."

ஹெலன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஜிப் என்றால் தலைமுடி. ரோல் தாடி. லோச் மீசை. ஹூய் புருவம். கூச் என்றால் நெற்றி. சிப் என்றால் முடி வெட்டுவது. பி என்றால் குண்டு, ரூன் என்றால் குள்ளம். மோஹ் என்றால் அசிங்கமாக இருப்பது. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து கிடந்த அந்தப் பட்டியலை இம்மானுவேல் வாசித்துக் காட்ட, அவள் தமிழில் எழுதிக்கொண்டாள். கடைசியில் அந்தப் பக்கத்தை அச்சடித்தும் வாங்கிக்கொண்டாள்.

"இதுல இன்னாடி கீது உனக்கு?" என்றேன்.

"என் மூஞ்சிக்கு நேரா அவன் சொன்னான்க்கா. அவன் மூஞ்சிக்கு நேரா நான் சொல்லணும். தமிழ்ல சொன்னா வேல போயிடும்."

இரண்டு வாரத்தில் எங்கள் மேசைக்கே அந்த வார்த்தைகள் வந்துவிட்டன. சூப்பர்வைசர் வந்தால் "ரூன் வருது" என்போம். மெஷின் ஆபரேட்டர் புதிதாக விட்ட மீசைக்கு "லோச்" என்று சொல்லி ஆளுக்கு ஆள் முழங்கையால் இடித்துக்கொள்வோம். அந்தக் கம்பெனியில் நான் அவ்வளவு சிரித்தது அந்த ஒரு மாதம்தான். ஹெலன் சிரிக்கவில்லை. அவள் வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சடையப்பன் ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்டு கார்டு வாங்க லைனுக்கு வந்தான். எங்கள் மேசையில் அன்றைக்குப் புதுப்பெண்கள் ஐந்து பேர் வேலை கற்றுக்கொண்டிருந்தார்கள். அவன் போகிற போக்கில், "ஹெலனு, தொப்பிய ஒழுங்கா போடும்மா, சொட்டை தெரியுது பாரு" என்றான். உதவி செய்கிற குரலில் சொன்னான்.

ஹெலன் பிளேடைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஜிப். கூச். மோஹ்."

மெஷின் சத்தத்தையும் மீறி அது கேட்டது. சடையப்பன் திரும்பினான். அவள் இன்னொரு முறை சொன்னாள், இந்த முறை கையை நீட்டி. அவன் முகத்தில் சிரிப்பு மெல்லப் போய்விட்டது. ஒன்றும் கேட்காமல் கார்டுகளை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் பைபாஸில் மணல் லாரி சிந்திப் போட்ட மணலில் அவன் டிவிஎஸ் ஃபிப்டி சறுக்கி, முட்டி பெயர்ந்தது. சனி, ஞாயிறு காய்ச்சல். அந்த ரோட்டில் மாதம் பத்துப் பேர் சறுக்கி விழுகிறார்கள், ஆனால் விழுந்த பத்துப் பேரையும் பார்த்து அதற்கு முன்னால் ஒருத்தி கை நீட்டிப் புரியாத பாஷையில் பேசியிருக்க மாட்டாள். திங்கட்கிழமை அவன் அப்பாவு அண்ணனிடம் கேட்டிருக்கிறான். அப்பாவு அண்ணன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஹெலன் வீட்டார் பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள், அங்கே ஆவி இறங்கினால் அந்நிய பாஷையில் பேசுவார்கள், பேசினவர் அடுத்தவர் தலையில் கைவைத்தால் தீராத நோயும் தீரும்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சடையப்பன் நொண்டிக்கொண்டே எங்களிடம் வந்தான். சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"ஹெலனம்மா, நீ அன்னிக்கு பேசுனது அந்நிய பாஷையா?"

ஹெலன் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன்.

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க சார்?" என்றாள்.

"எனக்கு அப்பவே உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சும்மா. ஜிப்புன்ன உடனே தலைல ஏதோ ஊர்ற மாதிரி." குரலைத் தாழ்த்தினான். "எனக்கு தலைல ஒரு கொறை கீது. எட்டு வருசம். பாக்காத வைத்தியம் இல்ல. நீ ஒரு வாட்டி கைய வெச்சு அந்த பாஷைல சொல்லணும்."

அவள் பொய் சொல்லவில்லை. அவன் நினைத்துக்கொண்டதைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். கோர்ட்டில் இதற்கு என்ன பெயரோ எனக்குத் தெரியாது.

"மொதல்ல என் பாஸை மாத்திக் குடுங்க. கையில தழும்புன்னு எழுதுங்க" என்றாள்.

"அவ்ளோதானே? நாளைக்கே தர்றேன்."

மூன்று வருடமாக முடியாத காரியம் மறுநாள் காலை முடிந்தது. புதுக் கார்டு, புதுப் போட்டோகூட வேண்டாம் என்றுவிட்டான். "ஹெலன், வலது மணிக்கட்டில் தழும்பு" என்று அப்பாவு அண்ணன் வழக்கத்தைவிடச் சத்தமாகவே படித்தார். ஹெலன் கையைத் திருப்பிக் காட்டிவிட்டு உள்ளே வந்தாள். உட்கார்ந்து பிளேடை எடுத்தாள்.

"கெடைச்சிடுச்சேடி. இத்தோட உட்டுடேன்" என்றேன்.

"பாஸ் மாறிச்சுக்கா. கவரப்பேட்டைக்காரங்க காதுல உழுந்தது மாறுமா?"

சடையப்பனிடம் அவள் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டாள். மதியம் இரண்டு மணி, கேட்டுக்கு வெளியே. ஒரு ஷிப்டு வெளியே வரும், ஒரு ஷிப்டு உள்ளே போகும். எல்லோர் முன்னாலும் தலையைத் திறந்து காட்ட வேண்டும். "ரூம்ல பண்ணக் கூடாதாம்மா?" என்று அவன் கெஞ்சினான். "சாட்சி வேணும்" என்றாள். சபைக்காரர்கள் சாட்சி என்று பேசுவதை அவனும் கேட்டிருந்ததால் ஒப்புக்கொண்டான்.

இரண்டு மணிக்கு நானூறு பெண்கள் நின்றார்கள். எங்கள் மேசைக்காரிகள் முன் வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறோம் என்று எனக்குத் தெரியும், அதற்காகவே முந்தானையைக் கையில் சுருட்டி வைத்திருந்தேன். சடையப்பன் இரண்டு கையாலும் காதோரத்தில் பிடித்து, அந்தக் கருகரு முடியை எடுத்தான்.

எட்டணா எட்டணாவாக. உச்சியில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளங்கை அளவுக்கு ஆகியிருந்தன. ஹெலனுக்கு இருந்த அதே புழுவெட்டு. எண்ணெய் மினுமினுப்போடு அதே வெள்ளை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தனக்கும் அதுவே இருந்தும்தான் எழுதியிருக்கிறான். எங்கே அடித்தால் வலிக்கும் என்று இந்தக் கம்பெனியில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். ஹெலன் அவன் தலையையே பார்த்தபடி அசையாமல் நின்றாள். பிறகு கையை எடுத்து, வைக்கவில்லை, அமுக்கினாள். அவன் முட்டி வலியோடு மண்ணில் உட்காரும் வரை அமுக்கினாள்.

"ஜிப்! ரோல்! லோச்! ஹூய்! கூச்! சிப்! பி! ரூன்! மோஹ்! மோஹ்! மோஹ்!"

அந்த அச்சடித்த காகிதத்தில் இருந்த அத்தனை வார்த்தையையும் அவன் தலையில் கொட்டினாள். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் தண்ணீர் வழியக் கத்தினாள். நான் சிரிப்பதற்காகக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து நின்றார்கள். பின்னால் ஒருத்தி "ஆமென்" என்றாள், அப்புறம் பத்துப் பேர் சொன்னார்கள். சிவன் கோயிலுக்கு மாதாமாதம் திருவாலங்காடு போகிற முத்தம்மாகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சடையப்பன் கைகூப்பி அழுதுகொண்டிருந்தான்.

மறுநாள் ஹெலன் பிசிறைச் சீவவில்லை, வெட்டினாள். பாதி மூடிகள் வீணாகின.

"ஒருத்தியும் சிரிக்கலயேக்கா. எனக்கு மட்டும் அத்தன பேரும் சிரிச்சீங்க" என்றாள்.

அவள் வீணாக்கிய மூடிகளை நான் என் பக்கம் தள்ளிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். சடையப்பன் டோப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுந்தலையோடு வர ஆரம்பித்தான். நாலாவது மாதம் அந்த எட்டணாக்களில் பூனைமுடி முளைத்தது. ஆறாவது மாதம் அது கறுத்தது. புழுவெட்டு சிலருக்குத் தானாகவே சரியாகிவிடும் என்று இம்மானுவேல் எங்கேயோ படித்துச் சொன்னான். அதை யார் கேட்டார்கள்? கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி, சர்க்கரை வியாதிக்காரக் கணவனை இழுத்துக்கொண்டு ஒருத்தி என்று பழவேற்காட்டிலிருந்தெல்லாம் ஹெலன் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். "நான் ஜெபம் பண்றவ இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே கண்ணாடி முன்னால் தன் தலையைத் தடவிப் பார்ப்பாள். மூன்று இடமும் அப்படியே இருந்தன.

"வசவுக்கு மொளைக்குது, ஜெபத்துக்கு மொளைக்கல" என்றாள் ஒருநாள். அவள் அம்மா பத்து வருடமாக எண்ணெய் தடவி முழங்காலில் நின்றதைத்தான் சொன்னாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சடையப்பன் பழத்தட்டோடு வந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்திருந்தான். நல்ல அடர்த்தி. சொந்த முடி காற்றில் அசைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹெலன் முந்தின ராத்திரியே எனக்குச் சொல்லி வைத்திருந்தாள், உண்மையை உடைத்துவிடப் போகிறேன் என்று. அந்த அச்சடித்த காகிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொல்லி அவன் வாங்கிக்கொண்டது அருள் இல்லை, செருப்படி என்று தெரியவைப்பது என்று திட்டம். அதற்கு முன்னால் அவனிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், நீங்க எனக்கு இன்னா பண்ணீங்கன்னு தெரியுமா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். முகம் மலர்ந்தது. "பாஸ் மாத்திக் குடுத்தனே, அதுவாம்மா?"

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நான் உனக்கு ஒண்ணுமே பண்ணலயேம்மா."

அவன் நடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. துணியை அவிழ்க்கச் சொன்னது, எழுதியது, எழுதினது எழுதினதுதான் என்றது, எல்லாமே அவனுக்கு ஒரு வேலைநாளின் ஒரு நிமிஷம், ஆயிரம் கார்டில் ஒரு கார்டு. மூன்று வருடமும் ஒரு கல்யாணமும் போனது அவளுக்குத்தான்.

ஹெலன் காகிதத்தை மறுபடி மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்தது.

"காணிக்கை இன்னா செய்யணும்மா? சொல்லு, எதுன்னாலும் செய்றேன்" என்றான் அவன்.

"மொட்டை."

"சந்தோசமா அடிச்சுக்குறேன். திருத்தணியா, இல்ல உங்க பக்கம் வேளாங்கண்ணியா?"

"ரெண்டும் வாணாம். கேட்டுக்கு எதிர்ல சலூன் கீதே, அங்க. மாசம் மொதத் தேதி, ரெண்டு மணிக்கு."

"மாசாமாசமா?"

"மாசாமாசம். நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

அவன் கைகூப்பிவிட்டுப் போனான். கடவுளுக்கு நேர்ந்துகொண்டவன் கணக்குக் கேட்பானா?

அது இரண்டாயிரத்து ஐந்து, செப்டம்பர். முதல் தேதி அவன் சலூனில் வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஷிப்டு விட்டு வந்த ஹெலன் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஆறு மாதம் வளர்ந்த முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. கடைசி முடி விழும் வரை பார்த்துவிட்டு, ரயிலைப் பிடிக்கப் போனாள். அடுத்த மாதமும் வந்தான், அடுத்த மாதமும். மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்தான். மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் முதல் தேதி வந்தது. மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க மொட்டைத் தலையோடு நின்றானாம், போய்வந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்று ஹெலன் எங்கள் மேசைக்கு முழுவதும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

அவளுக்கும் அதற்குப் பிறகு இரண்டு சம்பந்தம் வந்தது. வேண்டாம் என்றுவிட்டாள். தலைத்துணியைக் கட்டுவதையும் விட்டுவிட்டாள். மூன்று எட்டணாவும் வெயிலில் தெரிய நடப்பாள், யாராவது உற்றுப் பார்த்தால் அவர்கள் கண்ணைத் தாழ்த்தும் வரை திருப்பிப் பார்ப்பாள்.

நாலு வருடம் கழித்து ஒரு முதல் தேதி, சடையப்பன் சலூனுக்குள் போகாமல் ரோட்டைத் தாண்டி எங்களிடம் வந்தான். கழுத்தில் சலூன் துண்டு.

"ஹெலனம்மா, கோவிச்சிக்காத. இன்னும் எத்தினி மாசம்?"

"நீங்க எனக்கு இன்னா பண்ணீங்கன்னு சொல்லுங்க. சொல்ற அன்னிக்கு நிறுத்திக்கலாம்."

"யோசிச்சுக்கினேதாம்மா கீறேன். ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். ஒண்ணும் வரமாட்டேங்குது. நீயே சொல்லிடேன்."

"நான் சொன்னா அது எனக்கு ஞாபகம் கீறது. உங்களுக்கு இல்ல."

அவள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். அவன் என் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது, பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"கன்னியம்மா, நீ அவ கூடவே கீற. உனக்காவது தெரியுமா, நான் இன்னா பண்ணேன்னு?"

ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். பதிவேட்டைப் புரட்டினால் அவன் கையெழுத்திலேயே இருக்கும்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன். "போய் உக்காருங்க, சலூன்காரர் காத்துக்கினு கீறாரு."